அறுநூறு படங்களும் முக்கால் மணி நேரமும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 2019இல் பர்மா (மியான்மர்) போய் யாங்கோன், பகான், இன்லே ஏரி எல்லாம் பார்த்து வந்தேன். செப்டம்பர் 24 பாரம்பரிய தினத்தை ஒட்டி, எங்கள் நூலகத்தில் 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசச் சொல்கிறார்கள். 600 படங்கள் வைத்திருக்கிறேன். எங்கே தொடங்குவது?

பதில்: பத்துப் படங்களை எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். பகான் கோயில்கள் நமக்குப் பிரமிப்பு. எட்டு வயதுப் பிள்ளைக்கு மூன்றாவது கோபுரத்திலேயே கொட்டாவி வந்துவிடும். நீங்கள் ஊர் ஊராகப் போன வரிசையிலும் சொல்ல வேண்டாம். விமானம், ஓட்டல், அப்புறம் பஸ் என்று பாதி நேரம் அதிலேயே கரைந்துவிடும். பிள்ளைகள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் பிறந்த கிழமையை எடுப்பேன். பர்மாவில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு திசையும் ஒரு விலங்கும் உண்டு. திங்கள் புலி, செவ்வாய் சிங்கம், வியாழன் எலி, வெள்ளி கினிப் பன்றி, சனி நாகம், ஞாயிறு கருடன். புதனை மட்டும் நண்பகலில் இரண்டாகப் பிரித்து, முன்னால் பிறந்தவருக்குத் தந்தமுள்ள யானை, பின்னால் பிறந்தவருக்குத் தந்தமில்லாத யானை. யாங்கோனில் உள்ள ஷ்வேடகோன் பகோடாவில் மக்கள் தங்கள் கிழமைக்குரிய இடத்தில் நின்று புத்தர் சிலைக்குக் குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தப் படம் இருந்தால் அதையே முதலில் காட்டுங்கள்.

பெயர் பதியும்போதே பிறந்த தேதியையும் கேட்டு வைக்கும்படி நூலகரிடம் சொல்லிவிடுங்கள். கிழமையைக் கைபேசி நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளலாம். அறையைச் சுற்றி எட்டு விலங்குப் படங்களை ஒட்டி, "உன் இடத்துக்கு ஓடு" என்றால் போதும். புதன்கிழமைப் பிள்ளைகளுக்குப் பிறந்த நேரம் தெரியாது. பிடித்த யானையை எடுத்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், விடுங்கள்.

ஓடிக் களைத்ததும் உட்காரவைத்துப் பெயர்களைப் பற்றிப் பேசலாம். பெரும்பாலான பர்மியர்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்டுக்குப் பெயர் தாண்ட் மட்டும்தான். 'ஊ' மரியாதைக்காகச் சேர்ப்பது. நாயுடு, கோவெண்டர், மூட்லி என்று பள்ளியில் கூப்பிடப்படுகிற பிள்ளைகளும், மண்டேலாவைக் குலப்பெயரால் மடிபா என்று சொல்லும் நாட்டில் வளர்கிற ஜூலுப் பிள்ளைகளும் சும்மா இருக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நீங்கள் பதில் சொல்ல அவசரப்படாமல், அவரவர் பெயர் வீட்டில் எப்படி வந்தது என்று சொல்லவிடுங்கள். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை.

பர்மியர்கள் அரைத்து முகத்தில் பூசிக்கொள்ளும் தனக்கா மரக்கட்டை வாங்கி வந்திருந்தால் கல்லில் நீர் விட்டு அரைத்துக் காட்டுங்கள். கோயிலில் சந்தனம் அரைப்பதைப் பார்த்த பிள்ளைகள் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். பூசிவிடுவதென்றால் புறங்கையில் ஒரு துளி, அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு மட்டும். சாப்பாடு வேண்டாம். மொஹிங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் மீன் குழம்பில் வருவது. அந்தச் சமயம் புரட்டாசி, பல வீடுகளில் விரதம்.

அங்கே எடுத்த படங்களில் முன்பின் தெரியாத குழந்தைகளின் முகம் நெருக்கமாக இருந்தால் காட்டாதீர்கள். "அவங்க ஏழையா?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். பர்மாவிலும் எல்லா வகை மனிதரும் உண்டு என்று சொல்லிவிட்டு, சந்தை, பள்ளிக்கூடம், தேநீர்க் கடை என்று அன்றாடப் படம் ஒன்றைக் காட்டுங்கள். சண்டையைப் பற்றிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். "2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அதன்பின் பலர் வீட்டை விட்டுப் போக நேர்ந்தது, நான் போனது அதற்கு முன்பு" என்று சொல்லுங்கள். இந்த மூன்றும் போதும். மேலே தெரிந்துகொள்ள விரும்பும் பிள்ளைகளுக்காக, பர்மா பற்றிய சிறுவர் நூல்களை அன்றைக்கு ஒரு மேசையில் எடுத்து வைக்கும்படி நூலகரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.