அடுத்த செமஸ்டர் காசைக் கட்டுவதற்கு முன்

போன வாரம் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். மகன் கொழும்பில் ஒரு தனியார் கெம்பஸில் கணினிப் பட்டம் படிக்கிறான், இரண்டாம் வருடம். ஓர் அசைன்மென்டையும் நேரத்துக்குக் கொடுப்பதில்லை. இரவு பன்னிரண்டுக்கு மேல்தான் லெப்டொப்பைத் திறப்பானாம், அதற்குள் போன் கைக்கு வந்துவிடும். தவறிய பாடங்களை மறுபடி எழுத 13,500 ரூபா கட்டியிருக்கிறார். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளர்களுக்கு நிர்ணயமான 1,350 ரூபா நாட்சம்பளக் கணக்கில் அது பத்துப் பேர், அதாவது பத்து நாள் வேலை.

"சோம்பேறியாப் போயிட்டான், புத்தி சொல்லுங்க சார்" என்றார். வீட்டுக்கு வந்தால் எப்படி என்று கேட்டேன். "சும்மா இருக்க மாட்டான். தீபாவளி லீவுல லயத்துல நாலு வீட்டு கிரைண்டரைக் கழட்டி மாட்டினான், சோறுகூடத் திங்கல."

சோம்பேறி என்றால் கிரைண்டரையும் அல்லவா நாளைக்கென்று போட்டிருப்பான்? தள்ளிப்போடுகிற பிள்ளைகளில் பலர் உழைக்கப் பயந்தவர்கள் அல்ல. புத்தகத்தைத் திறந்ததும் 'எனக்கு இது விளங்கவில்லையே' என்று நெஞ்சு கனக்கிறது, போனை எடுத்தால் கொஞ்ச நேரம் அது தெரியாது. அவ்வளவுதான்.

அதற்காகப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒரு சுற்றுப் பறிக்காமல் விட்டுப்போன தேயிலை மலையில் கொழுந்து முத்திப்போவதைப் பற்றி நான் அந்த அக்காவுக்குச் சொல்லத் தேவையில்லை. பாடமும் அப்படித்தான் முத்துகிறது. ஆகவே ஆறு வாரம் பார்ப்போம் என்றேன். விரிவுரை நடந்த அன்றைக்கே, ஒரே மேசையில், ஒரே நேரத்தில் 25 நிமிடம். அதுவரை போன் அறை நண்பனிடம். முழு அசைன்மென்டையும் நினைத்து மலைக்காமல் தலைப்பும் முதல் பந்தியும் போதும். எழுதியதை வெள்ளிக்கிழமை போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு அது விளங்காவிட்டால் என்ன, காலையில் வேலைக்கு வந்தவர்களைக் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் போடுவது போல ஒரு கணக்கு.

ஆறு வாரத்தில் கை ஓடினால் தொடரட்டும். ஓடாவிட்டால் பிழை பையனிடம் இல்லை, பாடத்தில் இருக்கிறது. அப்போது நான் சொல்வது என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமை வழி, மின்சாரப் பிரிவு. நம் ஊரில் இதைப் 'படிக்காத பிள்ளைக்கு' என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஆனால் இதில் ஏழு படிகள் உண்டு. நான்கு வரை கைத்தொழில் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். இரத்மலானையிலுள்ள யூனிவொட்டெக் என்ற தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் வரை ஏறலாம். நைட்டா என்கிற அரசாங்கப் பயிலுனர் பயிற்சி நிறுவனம் வழியாகப் போனால் வேலைத்தளத்திலேயே பயிலுனராக இருந்து கற்கலாம். சோதனையிலும் கட்டுரை எழுதச் சொல்லி உயிரை எடுப்பது குறைவு. வயரிங் செய்து காட்டு, பிழையைக் கண்டுபிடி என்பார்கள். கை திருந்தவில்லை என்றால் இன்னும் பழகிவிட்டு வரச் சொல்வார்கள். ஏற்கெனவே தொழில் தெரிந்தவரை வகுப்பில் உட்கார வைக்காமல் நேரடியாகச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் இருக்கிறது. இந்தப் பையனைப் போன்றவனுக்கு இங்கே தள்ளிப்போட இடம் கிடைப்பது கஷ்டம். எரியாத பல்ப் எதிரிலேயே தொங்கும். ஒன்று மட்டும் கவனம்: எந்த நிலையத்தில் எந்தப் பயிற்சி தமிழில் நடக்கிறது என்று நேரில் கேட்டுவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்த பிறகு சிங்களத்தில்தான் வகுப்பு என்று தெரிந்து திரும்பி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

"கரண்ட் வேலைக்கா இவ்வளவு படிக்க வச்சேன்னு எங்க அண்ணன் கேப்பாரே" என்றார் அக்கா. வெள்ளவத்தையில் இருக்கும் அண்ணன். கணினிப் பட்டம் அவருடைய யோசனைதான். இதுவரை எத்தனை தவணை அவர் கட்டினார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

கடன் வாங்கி அடுத்த தவணையைக் கட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னேன். ஆறு வாரம் முடியட்டும். அப்புறம் பையனைத் தனியாக அனுப்புங்கள், நீங்களும் வேண்டாம், மாமாவும் வேண்டாம். முதலில் அவனிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது: அந்த நாலு கிரைண்டரில் எது சரிவரவில்லை, ஏன்?