எஸ்டேட் பள்ளி டீச்சர் வேலை: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ முடித்த மகளை டிகிரி, பி.எட். என்று படிக்க வைத்தால் கேரளத்தில் மூணாறுப் பக்கமே எஸ்டேட் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகலாம், ஆனால் அந்த வழியில் இல்லை.

எல்.பி. எனப்படும் தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவளுக்கு வேண்டியது டி.எல்.எட். என்ற தொடக்கக் கல்வி ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ, நம் ஆட்கள் இன்னும் டிடிசி என்பார்களே, அதுதான். இரண்டு வருடம். அப்புறம் கேரளத்தின் ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டில் முதல் பிரிவு, பிறகு அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி. (தேர்வாணையம்) வழியாகத் தமிழ் வழிப் பணியிடம். கே-டெட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். பணிக்காலம் ஐந்து வருடத்துக்கு மேல் மிச்சமிருக்கும், ஏற்கெனவே வேலையில் உள்ள ஆசிரியர்கள்கூட இந்தத் தகுதித் தேர்வில் (டெட்) தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் தீர்ப்பு வந்திருக்கிறது.

வேலை கிடைத்தால் நிம்மதி என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜூனில் பள்ளி திறந்த ஆறாம் வேலை நாளில் பிள்ளைகளின் தலை எண்ணுவார்கள். ஒரு வகுப்புக்கு எத்தனை டிவிஷன் (பிரிவு), எத்தனை ஆசிரியர் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் முடிவாகும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாலு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு தேனிப் பக்கம் இறங்கிவிட்டால் ஒரு பணியிடமே ஆட்டம் காணலாம். அதனால்தான் கோடை விடுமுறையில் டீச்சர்கள் லயம் லயமாக ஏறி, "பிள்ளையை இங்கேயே சேருங்கள்" என்று கேட்டு நிற்கிறார்கள். ஆள் குறைந்த பள்ளியில் இரண்டு வகுப்பை ஒரே டீச்சர் பார்ப்பார். மதிய உணவுப் பொறுப்பும் பள்ளியின் தலையில்தான். 2023-ல் அந்தப் பணம் தாமதமாகி, தலைமை ஆசிரியர்கள் கைக்காசு போட்டுச் சோறு போட்டார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. இவ்வளவையும் சுமக்கிறவர்களை "லீவு நிறைய உள்ள வேலை" என்று ஊர் பேசும்போது எனக்கு மனசு வலிக்கும்.

எய்டட் (அரசு உதவி பெறும் தனியார்) பள்ளியில் இடம் இருக்கிறது, பணம் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் நகையை அடகு வைத்துவிடாதீர்கள். அங்கே சம்பளம் தருவது அரசு. கல்வி அதிகாரி நியமனத்தை அங்கீகரிக்கும் வரை அந்தச் சம்பளம் வராது. வருடக்கணக்கில் அதற்காகக் காத்திருப்பவர்கள் உண்டு.

மகளுக்கு உண்மையிலேயே பிள்ளைகள் மேல் ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்க இங்கே ஆள் வேண்டும். சுற்றறிக்கையும் பயிற்சியும் பெரும்பாலும் மலையாளத்தில்தான் இருக்கும். பேசத் தெரிந்தால் மட்டும் போதாது, எழுதப் படிக்கவும் வேண்டும். டி.எல்.எட். சேர்க்கை அறிவிப்பு வருவதற்குள் அவள் மலையாளம் கற்கத் தொடங்கட்டும்.