வலிப்பு நின்றுவிட்டது, தம்பி ஏன் அழுகிறான்?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. பதினோரு வயதிலிருந்து வலிப்பு. மூன்று மாத்திரை மாற்றிப் பார்த்தும் மாதம் நாலைந்து தடவை வந்துகொண்டுதான் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் மூளையில் ஆபரேஷன் செய்தோம். அதற்கப்புறம் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் ஆளே மாறிவிட்டான். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறான். டிவி விளம்பரத்தைப் பார்த்துக்கூட அழுகிறான். சாப்பிடக் கூப்பிட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறான். "அந்த நோயோடவே விட்டிருக்கலாம்ல" என்கிறான். மூளையில் எதையாவது தவறாக வெட்டிவிட்டார்களா? கையெழுத்துப் போட்டவள் நான்தான். மனநல டாக்டரிடம் போனால் அந்த மாத்திரையால் வலிப்பு திரும்பிவிடும் என்று சித்தப்பா தடுக்கிறார். அம்மாவோ பெண் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

— பெயர் வேண்டாம், கோவில்பட்டி (நீண்ட கடிதத்தின் சுருக்கம்)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கே தம்பி பக்கத்தில் போய் உட்காருங்கள். அம்மாவும் சித்தப்பாவும் அந்த நேரத்தில் வேண்டாம். "செத்துப்போயிடலாம்னு தோணுதாடா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. இதைக் கேட்க நமக்கொரு ஆள் இருக்கிறதே என்று பலர் உடைந்து பேசுவார்கள். "ஆமா" என்றாலோ, பதிலே சொல்லாமல் சுவரைப் பார்த்தாலோ, நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அவனைத் தனியாக விடவேண்டாம். மாத்திரை டப்பா உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு மாதத்துக்கான மாத்திரை மொத்தமும் அவன் அறையில் இருப்பது நல்லதல்ல. இரவு இரண்டு மணிக்கு என்ன செய்வதென்று தெரியாவிட்டால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

சரி, இப்போது அந்தக் கையெழுத்துக்கு வருகிறேன்.

தழும்பு காதுக்கு முன்னால் தொடங்கிக் கேள்விக்குறி மாதிரி வளைந்து போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து இது டெம்பரல் லோப் ஆபரேஷன் என்று நினைக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்தால் தெரியும். மாத்திரைக்கு அடங்காத வலிப்புக்குப் பெரியவர்களிடம் அதிகமாகச் செய்வது இதுதான். கன்னப்பொட்டுக்கு உள்பக்கம் இருக்கும் அந்த இடத்தில் நினைவுக்கு வேண்டிய ஹிப்போகேம்பஸும், பயம், கோபம் போன்றவற்றோடு தொடர்புள்ள அமிக்டலாவும் ஒட்டியே இருக்கின்றன. வலிப்பு கிளம்பும் திசுவை எடுக்கும்போது பெரும்பாலும் இந்த இரண்டிலும் கை வைத்துத்தான் ஆக வேண்டும். அதனால் முதல் சில மாதங்களில் காரணமில்லாத அழுகை, எரிச்சல், பதற்றம் எல்லாம் வரலாம். வலிப்பு ஆபரேஷன் செய்யும் டாக்டர்களுக்கு இது புதிதல்ல. மனச்சோர்வாக மாறினால் அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் தலைகாட்டும். பலருக்கு ஒரு வருடத்துக்குள் தணிந்துவிடும், வைத்தியம் செய்தால். தவறாக வெட்டினால்தான் இப்படி ஆகும் என்றில்லை. சரியாக நடந்த ஆபரேஷனுக்குப் பிறகும் வரும்.

2001-ல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இதே வகை வலிப்பு உள்ள 80 பேரில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், மீதிப் பேருக்கு மாத்திரை மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் ஆபரேஷன் பக்கம் 58 சதவீதம், மாத்திரைப் பக்கம் 8 சதவீதம். மனச்சோர்வு வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஆபரேஷன் பக்கம் 7, மாத்திரைப் பக்கம் 8. நீங்கள் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தாலும் இந்தச் சோர்வு வந்திருக்கலாம். வலிப்பும் கூடவே இருந்திருக்கும். காலேஜில் ஒரு வருடம் யாரோடும் பேசாமல் இருந்தான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, டாக்டரிடம் அதை மறக்காமல் சொல்லுங்கள். முன்பே சோர்வு இருந்தவர்களுக்குத்தான் பிறகும் வர வாய்ப்பு அதிகம்.

அடுத்தது மாத்திரைச் சீட்டு. லெவிடிரசெட்டம் தொடர்கிறது, கார்பமசெப்பினைப் போன மாதம் குறைத்தார்கள் என்கிறீர்கள். லெவிடிரசெட்டம் நல்ல மருந்துதான், ஆனால் சிலரைச் சிடுசிடுவென்று ஆக்கிவிடும், சோர்வையும் கூட்டும். கார்பமசெப்பினோ வலிப்போடு மனநிலையையும் பிடித்து வைக்கும் மருந்து. ஒன்று தொடர்ந்து, இன்னொன்று குறைந்தால் தட்டு பறக்க அதுவே போதும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. ஆபரேஷன் செய்த இடத்துக்கே போய், எந்தத் தேதியில் எது குறைந்தது, எந்தத் தேதியிலிருந்து அழுகை என்று எழுதிக் கொடுங்கள்.

சித்தப்பாவின் பயத்தில் பாதி உண்மை. புப்ரோபியான், குளோமிப்ரமின் போன்ற ஒருசில மருந்துகள் வலிப்பைத் தூண்டக்கூடும். வழக்கமாக முதலில் கொடுக்கும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ரலின் போன்றவற்றை வலிப்பு உள்ளவர்களுக்கும் தாராளமாகத்தான் கொடுக்கிறார்கள். நரம்பு டாக்டரும் மனநல டாக்டரும் ஒருவர் சீட்டை ஒருவர் பார்த்தால் போதும். "மண்டையைத் திறந்து சோதனை பண்ணிட்டாங்க" என்கிறாராமே, அவரிடம் இதையும் சொல்லுங்கள்: வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டி நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியது 1949-ல். அவர் மான்ட்ரியலில் வலிப்பு அறுவைக்குப் பேர்போன பென்ஃபீல்டிடம் பயின்று வந்தவர். நம் பக்கத்துக்கு இது நேற்று வந்த வைத்தியம் இல்லை.

இவ்வளவும் மூளையும் மருந்தும். எனக்கு உங்கள் கடிதத்தில் தைத்தது வேறு ஒரு வரி: தம்பி குளிக்கும்போது அம்மா இன்னமும் குளியலறை வாசலில் மணை போட்டு உட்கார்ந்திருக்கிறார்; உள்ளே தாழ்ப்பாளே கிடையாது.

பதினாறு வருடம். பைக் கூடாது, கிணற்றடிக்குப் போகக் கூடாது, தனியாக பஸ் ஏறக் கூடாது. தலையணைக்கடியில் சாவிக்கொத்து. (இரும்பைக் கையில் கொடுத்தால் வலிப்பு நிற்காது, தானாகத்தான் நிற்கும். அது இருக்கட்டும்.) வீட்டில் யாரும் அவனை வேலை ஏவியதில்லை, திட்டியதும் இல்லை. இப்போது திடீரென்று, "அதான் சரியாயிட்டேல்ல, வேலைக்குப் போ, கல்யாணம் பண்ணிக்கோ." கூடப் படித்தவர்கள் பதினாறு வருடத்தில் பழகியதை இவன் நான்கு மாதத்தில் பழக வேண்டும், அதுவும் தலையில் தழும்போடு. மெல்போர்னில் வில்சன், பிளாடின், சாலிங் என்ற மூவர், வலிப்பு நின்றவர்களிடம் இதையே பார்த்து 'இயல்பாக இருப்பதன் சுமை' என்று பேர் வைத்தார்கள். நோய் போனதும் அதைச் சாக்காகச் சொல்ல முடியாது, எல்லோருக்கும் கடன்பட்டவன் போல இருக்க வேண்டும், சந்தோஷமாக வேறு இருந்து காட்ட வேண்டும். "அந்த நோயோடவே விட்டிருக்கலாம்ல" என்பதை நன்றிகெட்ட பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெண் பார்ப்பதை இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையை 1999-லேயே எடுத்துவிட்டார்கள், அதனால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் அவன் எழுந்து உட்காரட்டும். பேச்சு எடுக்கும் நாளில் ஆபரேஷனை மறைக்கவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இன்னும் சில உண்டு, அரிதுதான். தூக்கமே இல்லாமல் இரண்டு மூன்று நாள் ஓயாத பேச்சு, கண்டபடி செலவு. யாரோ பேசுவது கேட்கிறது, சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்ற சந்தேகம். இவை தெரிந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். கண்ணை இறுக மூடிக்கொண்டு நெடுநேரம் உதறினால் செல்போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். அது வலிப்பாகவும் இருக்கலாம், மன அழுத்தத்தால் வரும் வேறொன்றாகவும் இருக்கலாம்.

தாழ்ப்பாளை உடனே மாட்டிவிடாதீர்கள். நான் முதலில் கேட்கச் சொன்ன கேள்விக்குப் பதில் தெரிந்து, டாக்டரும் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அப்புறம் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி ஒன்று வாங்கலாம். அதுவரை அம்மா மணையை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போகட்டும். தண்ணீர் ஊற்றும் சத்தம் அங்கேயும் கேட்கும்.