நல்லது சந்தைக்கு, சொத்தை வீட்டுக்கா?

சிறு விவசாயிகளின் விளைபொருள் களத்திலிருந்து தட்டுக்கு வரும் வழியைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: விளைச்சல் பரவாயில்லை, கையில் காசும் புழங்குகிறது. ஆனாலும் மனைவிக்கு ரத்தசோகை என்கிறார் மருத்துவர். சாப்பாட்டில் எங்கே தப்பு ஐயா?

பதில்: மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள், அது தனி. நேற்று விடிந்ததிலிருந்து இரவு வரை அவர் என்ன சாப்பிட்டார் என்று எழுதுங்கள். தானியமும் கிழங்கும் சேர்ந்து ஒரு வகை. பிறகு பருப்பு, கொட்டை-விதை, பால், இறைச்சி-மீன், முட்டை, கரும்பச்சைக் கீரை, வைட்டமின் ஏ நிறைந்த மஞ்சள்-ஆரஞ்சுக் காய்கனி, மற்ற காய், மற்ற பழம். மொத்தம் 10. இவற்றில் 5 வகையாவது ஒரு நாளில் வரவேண்டும் என்பது 15 முதல் 49 வயதுப் பெண்களுக்கு ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் அளவுகோல். ஊர்க் கணக்கெடுப்புக்காக வந்ததுதான், தனி ஆளுக்கான சோதனை அல்ல. ஆனாலும் எழுதிப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். விற்ற காசு அந்த ஓட்டைக்குப் போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: நிலக்கடலையில் முழுப் பருப்பை விற்றுவிட்டு, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் வீட்டுக்கு வைத்துக்கொள்கிறோம். வறுத்துத்தானே சாப்பிடுகிறோம்?

பதில்: இதை உடனே நிறுத்துங்கள் அம்மா. வியாபாரி எதைக் கழிக்கிறாரோ அதில்தான் பூஞ்சை நஞ்சு குவிந்திருக்கும். அஃப்ளடாக்சின் என்று பெயர். கல்லீரல் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதியானது. வறுத்தால் கொஞ்சம் குறையலாம், போய்விடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. தீவனத்தில் இருந்தது பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு. 2004-ல் கென்யாவில் மக்காச்சோளம் மூலம் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் தங்கள் நிலத்தில் விளைந்து, ஈரத்தோடு வீட்டில் அடைத்து வைத்த சோளம். வாங்கிச் சாப்பிட்டதல்ல, கவனியுங்கள். கழிவை மாட்டுக்குப் போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள், நஞ்சு பாலில் இறங்கும். வீட்டுப் பங்கை முழுப் பருப்பிலேயே முதலில் அளந்து எடுத்துவைத்துவிட்டு மீதியை விலை பேசுங்கள்.

கேள்வி: பூஞ்சை பிடிக்காத அளவுக்குக் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? ஈரம் பார்க்கும் கருவி எங்களிடம் இல்லையே?

பதில்: மக்காச்சோளத்துக்கு உப்பு போதும். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கை சோளம், கொஞ்சம் நன்கு உலர்ந்த தூள் உப்பு போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வையுங்கள். பாட்டில் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் என்று பொருள். ஒட்டாவிட்டாலும் இன்னொரு வெயில் காட்டுங்கள், சேமிக்க 13 வரை இறங்குவது நல்லது. கடலைப் பருப்புக்கு இந்தச் சோதனை உதவாது; அதன் ஈரம் 7, 8 சதவீதத்துக்கு வரவேண்டும். களத்துத் தரையில் காயப்போடாமல் தார்ப்பாயில் போடுங்கள்.

கேள்வி: ஆரஞ்சு நிறச் சர்க்கரைவள்ளி போடச் சொல்கிறார்கள். விற்குமா?

பதில்: இந்தக் கிழங்கைப் பரப்பிய மூவருக்கும், சத்தேற்றிய பயிர்களுக்கு வழிகாட்டிய இன்னொருவருக்கும் 2016-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் வெள்ளைக் கிழங்குக்குப் பழகிய சந்தை நிறத்தைப் பார்த்துத் தயங்கும். வாங்குபவர் யார் என்று தெரியாமல் முழு வயலிலும் போடாதீர்கள், ஒரு ஓரம் போதும். வீட்டில் சாப்பிடும்போது துளி எண்ணெயாவது சேரட்டும், அப்போதுதான் அதன் வைட்டமின் ஏ சத்து உடம்பில் சேரும்.

கேள்வி: கொல்லைக் காயை நான் விற்றவரை பிள்ளைகளுக்கு முட்டை வாங்கினேன். இப்போது விவசாயிகள் குழு மூலம் விற்பதால் நல்ல விலை, ஆனால் பணம் கணவர் கணக்குக்குப் போகிறது. நான் கேட்பது பேராசையா?

பதில்: இல்லவே இல்லை. சில்லறையாக இருந்த பயிர் நாலு காசு பார்க்கத் தொடங்கியதும் கை மாறுவது உலகம் முழுக்க நடப்பது. குழுவில் உங்கள் பெயரில் தனி உறுப்பினராகச் சேர முடியுமா என்று கேளுங்கள். குடும்பத்துக்கு ஒருவர்தான் என்று விதி இருந்தால் அடுத்த கூட்டத்தில் மாற்றச் சொல்லுங்கள். அதுவரை ஒவ்வொரு எடையிலும் ஒரு கூடையை உங்கள் கணக்கில் எடை போடச் சொல்லுங்கள். முட்டைக்கு அது போதும்.