இருக்கைக்குப் புது நிறம்: கேள்வி-பதில்

கேள்வி: காரின் வெளிர்பழுப்புத் தோல் இருக்கைகளை வீட்டிலேயே கறுப்பாக்க முடியுமா?

பதில்: முடியும். வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது எளிது. ஆனால் பாதி நேரம் அழுக்கும் எண்ணெய்ப்பசையும் எடுப்பதிலேயே போகும், அதில் அவசரப்படாதீர்கள்.

கேள்வி: கறுப்பை வெள்ளையாக்க?

பதில்: வேண்டாம். ஏறி இறங்கும் விளிம்பு தேய்ந்ததும் கறுப்பு வெளியே வந்துவிடும்.

கேள்வி: ஷூவுக்குப் போடும் சாயம் வீட்டில் இருக்கிறது. அதையே பூசலாமா?

பதில்: கூடாது. நான் பூசிக் கெட்டவன். ஆல்கஹால் கலந்த அந்தச் சாயம் தோலுக்குள் ஊற வேண்டியது. கார் இருக்கைத் தோல் பெரும்பாலும் நிறமியும் மேல்பூச்சும் கொடுத்து மூடியே வருகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: முத்தாக நின்றால் மூடிய தோல். அதில் சாயம் ஊறாது. வியர்வை பட்டதும் உடைக்கு வந்துவிடும். என் தங்கையின் வெளிர்நீல உடையில் ஏறிய கறை எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. இருக்கைத் தோலுக்கென்று விற்கும், தண்ணீரில் கலந்த நிறமிப் பூச்சையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: "முழுத் தோல் இருக்கை, புதிதுபோல் இருக்கிறது" என்று சொல்லிப் பழைய காரை விற்றார்கள். மூன்றாம் வாரமே ஓட்டுநர் இருக்கையில் நிறம் செதில் செதிலாக உரிகிறது. அடியில் நெய்த துணி தெரிகிறது. என் பராமரிப்புதான் சரியில்லையாம்.

பதில்: உங்கள் மீது தவறில்லை. தோல் கிழிந்தால் நார் நாராகத்தான் தெரியும். நெய்த துணி தெரிந்தால் அது ரெக்சின், அல்லது தோல் துகளை அரைத்துத் துணியில் ஒட்டியது. மூன்று வாரத்தில் எந்தப் பராமரிப்பும் தோலைத் துணியாக்கிவிடாது. விளம்பரத்தையும் உரிந்த இடத்தின் படங்களையும் பத்திரப்படுத்தி, விற்றவரிடம் இழப்பீடு கேட்டு எழுத்திலேயே அனுப்புங்கள்.

"தோல்" என்ற இந்த ஒரு சொல்லை வைத்து நடக்கும் வியாபாரம் எனக்கு ஆண்டுக்கணக்கில் ஆறாத கோபம். புதுக் கார்களிலேயே பல மாடல்களில் உட்காரும் பகுதி மட்டும் தோல். பக்கமும் இருக்கையின் பின்புறமும் ரெக்சின். அது விவரக் குறிப்பின் மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும். பழைய காரில் வெடிப்பை நிரப்பி மேலே நிறம் பூசிவிட்டால் வாங்குபவருக்கு ஒன்றும் தெரியாது. நானும் அப்படி ஒரு கார் வாங்கினேன். பிறகுதான் தையலைக் கவனித்தேன்: நூலும் இருக்கையின் நிறத்திலேயே, பூச்சில் நனைந்து விறைத்துக் கிடந்தது. ஆகவே வாங்கும் முன் நூலைப் பாருங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்து, நிறம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். இருக்கையின் அடியில் மடிந்திருக்கும் ஓரத்தைப் புரட்டி, வேறு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பூசிய நிறம் நகம் பட்டாலே படலமாக உரிகிறது. மட்டமான சரக்கா? முந்தின வாரம்தான் பளபளப்புப் பாலிஷ் போட்டேன்.

பதில்: சரக்கைக் குறை சொல்லாதீர்கள். அத்தகைய பாலிஷ்களில் பெரும்பாலும் சிலிக்கோன் இருக்கும். அதன்மேல் எதுவும் பிடிக்காது. சுத்தம் செய்த பிறகே பூச வேண்டும் என்பதைப் பூசும் முன் படித்திருக்க வேண்டும். இனி, உரிவதை முழுவதும் எடுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, 600 எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, மெல்லிய பூச்சாக மூன்று நான்கு முறை கொடுங்கள். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் நிறமில்லாத மேல்பூச்சு.

கேள்வி: திரையில் பார்த்த சிவப்பு வேறு, வந்த சிவப்பு வேறு. ஒரு இருக்கை முழுவதும் பூசிவிட்டேன். கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: மறைவான இடத்தில் ஒரு விரல் அகலம் பூசிப் பார்த்திருந்தால் போதுமே. பூசித் தீர்த்ததை அவர் எப்படித் திரும்ப எடுப்பார்?

கேள்வி: இருக்கையின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறது. அங்கும் பூசலாமா?

பதில்: அந்தத் தையல், ஏர்பேக் விரியும் நொடியில் பிளந்து வழிவிடுவதற்காகவே தைக்கப்பட்டது. அதன்மேல் பசையோ, வெடிப்பு நிரப்பியோ, தடித்த பூச்சோ கூடாது. அந்தப் பக்கத்தை மட்டும் இந்த வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.