டர்போ ரோட்டரி எஞ்சின்: முதலில் பெட்ரோல், பிறகு டைமிங்

கேள்வி: சிட்னியில் வசிக்கிறேன். என்னிடம் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி இருக்கிறது. 13பி ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழல்வது), போர்ட்டிங் (காற்று வழிகளைக் குடைந்து பெரிதாக்குவது) எதுவும் செய்யவில்லை. கூடவே வந்த இரட்டை டர்போவைக் கழற்றிவிட்டு ஒற்றை டர்போவும் ஹால்டெக் ஈசியூவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மாட்டியாயிற்று. பிஸ்டன் டர்போ கார்கள் இரண்டை நானே ட்யூன் செய்திருக்கிறேன். 98 ஆக்டேன் பெட்ரோலில் 400 குதிரைத்திறன் வேண்டும். இதையும் நானே கற்றுக்கொண்டு செய்யலாமா?

பதில்: செய்யலாம். ஆனால் பிஸ்டன் எஞ்சினில் பழகிய ஒரு வழக்கத்தை இங்கே அடியோடு விட வேண்டும். லேசாக நாக்கிங் (கலவை தானாக வெடிக்கும் தட்டல்) கேட்கும்வரை டைமிங்கை (பொறி எவ்வளவு முன்கூட்டி விழ வேண்டும் என்பதை) ஏற்றுவது, கேட்டதும் இரண்டு டிகிரி இறக்குவது என்பதுதான் அது. ரோட்டரியில் பூஸ்டின்போது (டர்போ காற்றை அழுத்தித் தள்ளும்போது) வரும் முதல் நாக்கிங்கே கடைசியாக இருக்கலாம். ரோட்டாரின் ஒவ்வொரு முனையிலும் கசிவை அடைக்கும் அபெக்ஸ் சீல், எஃப்டியில் 2 மி.மீ. தடிமனே உள்ள வார்ப்பிரும்புப் பட்டை. ஓரம் உடைந்தால் அந்தத் துண்டு ஹவுசிங்கின் (ரோட்டார் சுழலும் கூட்டின்) குரோம் பூச்சைக் கீறிவிட்டு, எக்ஸாஸ்ட் வழியாகப் போய் டர்பைன் இறக்கையில் மோதும். எஞ்சினும் டர்போவும் ஒன்றாகப் போய்விடும்.

இதற்கு ஈடாக ரோட்டரியில் ஒரு நல்ல குணமும் உண்டு. அதன் எரிஅறை நீளமானது, ஒல்லியானது, நகர்ந்துகொண்டே இருப்பது. டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றிப் பார்த்தால், டார்க் உச்சத்துக்கு அருகில் வந்ததும் வளைவு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடும். கடைசி மூன்று டிகிரியால் கிடைப்பது மிகச் சொற்பம், அதற்காக ஏற்கும் ஆபத்தோ பெரிது. உங்கள் 400 குதிரைத்திறனைக் காற்றோட்டத்திலும் பூஸ்டிலும் தேடுங்கள், டைமிங்கில் தேட வேண்டாம்.

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் எஞ்சினைச் சோதியுங்கள். ரோட்டரிக்கென்றே உள்ள கம்ப்ரஷன் டெஸ்டரில் ஒவ்வொரு ரோட்டாரின் மூன்று முகங்களையும் தனித்தனியே பாருங்கள். 250 ஆர்பிஎம்மில் 6 கிலோ/ச.செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, முகங்களுக்கிடையே 1.5க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ ட்யூனிங் வேலையை நிறுத்திவிடுங்கள். வேக்குவம் கசிவு இருக்கக் கூடாது. நான்கு இடங்களிலும் (ஒவ்வொரு ரோட்டாருக்கும் முதலில் சுடும் லீடிங் ஒன்று, பிறகு சுடும் டிரெய்லிங் ஒன்று) என்ஜிகே பியுஆர்9இக்யூ பிளக் போடுங்கள். தொழிற்சாலை லீடிங் பக்கம் கொடுத்த 7ஆம் எண் பிளக் இந்த அளவு பூஸ்டுக்குச் சூடு தாங்காது. டிரெய்லிங் வயர்கள் முன் ரோட்டாருக்கும் பின் ரோட்டாருக்கும் இடையே மாறியிருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள். லீடிங் காயில் இரண்டு ரோட்டாருக்கும் ஒரே நேரத்தில் பொறி தரும் தொழிற்சாலை அமைப்பில் லீடிங் வயர் மாறினாலும் கெடுதல் இல்லை. டிரெய்லிங் மாறினால் பொறி 180 டிகிரி தள்ளி விழும்.

இனி இன்ஜெக்டர். பூஸ்டில் ஓடும் ரோட்டரி ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.5 சிசி பெட்ரோல் குடிக்கும். 400க்கு 2,600 சிசி. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் மொத்தக் கொள்ளளவு 3,060 சிசியாவது வேண்டும். எஃப்டியோடு வந்தவை 550 சிசி பிரைமரி (எப்போதும் வேலை செய்பவை) இரண்டு, 850 சிசி செகண்டரி (சுமை ஏறும்போது சேர்ந்துகொள்பவை) இரண்டு, ஆக 2,800. போதாது. செகண்டரிகளை மட்டும் 1,600 சிசியாக மாற்றினால் மொத்தம் 4,300 ஆகும், முழு பூஸ்டில் 60 சதவீதமே வேலை செய்யும். பம்பும் ரெகுலேட்டரும் இதற்கு ஈடுகொடுக்கின்றனவா என்பதை ஃபியூல் பிரஷர் சென்சார் வைத்துப் பதிவு செய்யுங்கள். அடிப்படை அழுத்தம் 3 பார் என்றால் 1 பார் பூஸ்டில் 4 பார் தெரிய வேண்டும். 3.7 தெரிந்தால் மேப்பில் (ஈசியூவின் எண் அட்டவணையில்) திருத்தாதீர்கள், பம்பையும் அதற்கு வரும் வோல்டேஜையும் சரிசெய்யுங்கள்.

சீல்களுக்கு எண்ணெய் விடும் ஆயில் மீட்டரிங் பம்பை எடுத்துவிட்டீர்கள் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 8 முதல் 10 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும். எந்தக் கலவையில் ஓட்டப் போகிறீர்களோ அதே கலவையில் ட்யூன் செய்யுங்கள், ஏனென்றால் ஆயில் ஆக்டேனைச் சற்றுக் குறைக்கும்.

அடுத்து அடிப்படை டைமிங். ஈசியூவில் டைமிங்கை -5 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை முன் ரோட்டாரின் லீடிங் வயரில் மாட்டி, முன் புல்லியைப் பாருங்கள். மஞ்சள் குறி டிடிசி (அறை மிகச் சுருங்கும் இடம்) கடந்து 5 டிகிரி, அது எஞ்சினில் உள்ள குறிமுள்ளுக்கு நேராக வர வேண்டும். சிவப்புக் குறி 20 டிகிரி, டிரெய்லிங்குக்கானது. 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றினாலும் மஞ்சள் குறி நகரக் கூடாது. இங்கே 4 டிகிரி தப்பினால், திரையில் 10 என்று படித்துக்கொண்டு எஞ்சினுக்கு 14 கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஸ்பிளிட் என்பது லீடிங்குக்கும் டிரெய்லிங்குக்கும் உள்ள இடைவெளி. ரோட்டார் சுழலும்போது அறைக்குள் கலவை பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குப் பாய்கிறது. லீடிங் பிளக் மூட்டிய நெருப்பு அதே திசையில் எளிதாக ஓடும், பின்மூலைக்குப் போய்ச் சேருவது கடினம். அங்கே நசுங்கிச் சூடேறிக் கிடக்கும் கலவையில்தான் நாக்கிங் பிறக்கிறது. டிரெய்லிங் பிளக்கை மிக நெருக்கமாகச் சுடவிட்டால் அறையின் அழுத்தம் சட்டென்று ஏறி அந்த மூலை தானே வெடிக்கும். ஆகவே பூஸ்டில் 12 முதல் 15 டிகிரி ஸ்பிளிட் வையுங்கள். பூஸ்ட் இல்லாத சீரான ஓட்டத்தில் 10 போதும்.

தொடக்க எண்கள்: லேசான சுமையில் லீடிங் 25 முதல் 28, பூஸ்ட் பூஜ்யத்தில் 20, 0.5 பாரில் 14, 1 பாரில் 10. இவை தொடங்குவதற்கு மட்டுமே. காற்று வெப்பநிலை 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் டைமிங்கில் 1 டிகிரி குறையும்படி திருத்த அட்டவணையை இப்போதே போட்டுவிடுங்கள்.

டைமிங்கை இப்படியே விட்டுவிட்டு எரிபொருளை முடியுங்கள். ஐடிலில் காற்று-எரிபொருள் விகிதம் 13, சீரான ஓட்டத்தில் 14 முதல் 14.5, பூஸ்ட் தொடங்கும்போது 12, 0.5 பாருக்கு மேல் 11. கற்கும்போது 10.8 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரிச்சாக (பெட்ரோல் கூடுதலாக) இருப்பதால் போகும் சக்தி சொற்பம்.

பலர் கோட்டைவிடும் இடம் செகண்டரி இன்ஜெக்டர் திறக்கும் கணம். அது மேலே, மேனிஃபோல்டில் இருக்கிறது. முதலில் தெளிக்கும் பெட்ரோல் சுவரை நனைப்பதிலேயே போய்விடும், அரை நொடி லீன் ஆகும் (பெட்ரோல் குறைந்துபோகும்). அந்தக் கணம் பூஸ்டின் நடுவே வந்தால் சீல் போகும். பிரைமரி 60 சதவீதத்தை எட்டுவதற்குள், பூஸ்ட் பூஜ்யத்தை நெருங்கும் இடத்திலேயே செகண்டரி திறக்கும்படி வையுங்கள். இன்ஜெக்டர் தயாரிப்பாளர் தரும் டெட்-டைம் (மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம்) எண்களை வோல்டேஜ் வாரியாக அப்படியே போடுங்கள், ஊகிக்காதீர்கள். பிறகு மூன்றாம் கியரில் அந்த எல்லையை மெதுவாகவும் வேகமாகவும் பலமுறை கடந்து பாருங்கள். பள்ளம் தெரிந்தால் அங்கே மட்டும் 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள்.

எக்ஸாஸ்டில் காற்று-எரிபொருள் விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் பொய் சொல்லும் நேரம் ஒன்று உண்டு. பூஸ்ட் ஏறும்போது பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆனால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதை லீன் என்று காட்டும். புதியவர் பெட்ரோலைக் கூட்டுவார், பொறி இன்னும் அணையும், எண் இன்னும் லீனாகத் தெரியும். 11இலிருந்து திடீரென 13க்குத் தாவி, எஞ்சின் விட்டுவிட்டு இழுத்தால், காயில், டுவெல் (காயில் சார்ஜ் ஆகும் நேரம்), பிளக் இடைவெளி மூன்றையும் பாருங்கள். மேப்பைத் தொட வேண்டாம்.

பூஸ்டை டைனோவில்தான் (காரை நிறுத்திவைத்துச் சக்தியை அளக்கும் கருவி) ஏற்ற வேண்டும், சாலையில் வேண்டாம். முதலில் வேஸ்ட்கேட் (அதிகப்படி எக்ஸாஸ்டை டர்பைனுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும். வேஸ்ட்கேட் சிறியதாக இருந்தால் 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் பூஸ்ட் தானாக ஊர்ந்து ஏறும். அப்படி ஏறினால் அன்றைய வேலை அதோடு முடிந்தது, பெரிய வேஸ்ட்கேட் மாட்டிய பிறகு வாருங்கள். ஏறாவிட்டால் 0.1 பார் வீதம் கூட்டி, ஒவ்வொரு படியிலும் எரிபொருளைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இலக்குக்கு மேல் 0.15 பாரில் எல்லா இன்ஜெக்டரையும் முழுதாக நிறுத்தும் பூஸ்ட் கட் இருக்கட்டும்.

கடைசியாக டைமிங். லீடிங்கை 1 டிகிரி கூட்டுங்கள், எஞ்சின் வெப்பமும் காற்று வெப்பமும் முன்போலவே இருக்கும்போது மறுபடி ஓட்டுங்கள். டார்க் 1 சதவீதத்துக்கு மேல் கூடாவிட்டால் பழைய எண்ணுக்குத் திரும்புங்கள். 1 பாரில் 12ஐத் தாண்ட வேண்டிய தேவை பெட்ரோலில் வராது. ஸ்பிளிட்டைத் தொடவே வேண்டாம்.

ஒவ்வொரு ரோட்டாரின் எக்ஸாஸ்ட் வாசலிலும் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் சென்சார்) வையுங்கள். 950 டிகிரி செல்சியஸ் எட்டினால் காலை எடுங்கள். கலவை 11ஆக இருந்தும் வெப்பம் ஏறினால் டைமிங் தாமதமாக இருக்கிறது அல்லது டிரெய்லிங் பொறி விழவில்லை. ஒரு ரோட்டார் மட்டும் 40, 50 டிகிரி கூடுதலாகக் காட்டினால், அந்தப் பக்கத்து இன்ஜெக்டர்களைக் கழற்றி ஓட்டப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். இரண்டு ரோட்டாருக்கும் பொதுவாக வைத்த வைட்பேண்ட் இந்த வித்தியாசத்தைக் காட்டாது, சராசரியை மட்டுமே காட்டும்.