தூண்டினால் மாறும் மீமூலக்கூறு ஹைட்ரோஜெல்: கேள்வி பதில்

கேள்வி: சார், சாதாரண ஹைட்ரோஜெல்லுக்கும் மீமூலக்கூறு ஹைட்ரோஜெல்லுக்கும் என்ன வித்தியாசம்?

பதில்: இரண்டுமே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் வலைதான். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் முதல் வகை. இழைகள் சகப்பிணைப்பால் கட்டுண்டிருக்கும், கிழிந்தால் ஒட்டாது. இரண்டாவது வகையில் ஹைட்ரஜன் பிணைப்பு, நீர்விலக்கு, உலோக அயனி, வளையத்துக்குள் நுழையும் மூலக்கூறு என்று தளர்வான பிடிகள் மட்டுமே. தைத்த துணி ஒன்று, வெல்க்ரோ இன்னொன்று. இதனால்தான் ஊசியில் அழுத்தும்போது இளகி ஓடுகிறது, உள்ளே போனதும் மறுபடி சேர்கிறது.

கேள்வி: ஜெல்லை இளக்கவோ இறுக்கவோ எந்தத் தூண்டல் சிறந்தது? ஒளியா, பிஎச்சா (அமில-கார அளவு)?

பதில்: ஒளி பார்க்க அழகு. அசோபென்சீன் என்ற ஒளியால் வடிவம் மாறும் மூலக்கூறு நேராக இருக்கும்போது சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்துக்குள் கச்சிதமாக உட்காரும். 365 நானோமீட்டர் அளவிலான புற ஊதா பட்டால் வளைந்து வெளியே வந்துவிடும், ஜெல் இளகும். ஆனால் அந்த ஒளி தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது. சோதனைக் குழாயில் கைதட்டல் வாங்குவது உடம்புக்குள் இருட்டில் கிடக்கும்.

பிஎச்சிலும் ஒரு சிக்கல். இரத்தம் 7.4, புற்றுக்கட்டியின் சுற்றுப்புறம் பெரும்பாலும் 6.5 முதல் 6.9 வரை. இடைவெளி ஒரு அலகுகூட இல்லை. பிஎச் 5இல் கரைகிறது என்று காட்டிவிட்டு, கட்டிக்கு மருந்து என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. என்சைம் எனக்குப் பிடித்த வழி: பெப்டைடில், அதாவது சிறு அமினோ அமிலச் சங்கிலியில், ஒரு பாஸ்பேட்டை ஒட்டி வைத்தால் கரைந்தே இருக்கும், பாஸ்பட்டேஸ் என்ற என்சைம் அதை வெட்டியதும் அங்கேயே ஜெல்லாகும்.

கேள்வி: நோயாளிக்கு உண்மையில் போய்ச் சேர்ந்தது ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, ஆனால் தூண்டல் ரொம்ப எளியது. லான்ரியோடைட் மருந்தைப் பாருங்கள். தண்ணீரில் அந்தப் பெப்டைடே நானோ குழாய்களாக அடுக்கி ஜெல்லாகிறது, தனியாகச் சுமக்கும் பாலிமர் எதுவும் கிடையாது. வளர்ச்சி ஹார்மோன் மிகையாகும் அக்ரோமெகலி நோய்க்கு 28 நாளுக்கு ஒரு முறை ஊசி, அமெரிக்காவில் 2007இல் அனுமதி. மருந்தே தனக்குக் கிடங்கு!

ஆர்ஏடிஏ16 என்ற பெப்டைடு இன்னொன்று. ஆர்ஜினின், அலனின், அஸ்பார்டிக் அமிலம், அலனின் என்ற வரிசை நான்கு முறை. அமிலக் கரைசலில் ஓடும், இரத்தத்தின் உப்பும் பிஎச்சும் பட்டவுடன் ஜெல்லாகும். எண்டோஸ்கோபியில் இரத்தக் கசிவை நிறுத்தப் பயன்படுகிறது.

கேள்வி: அப்பாவுக்கு சர்க்கரை நோய். அளவு ஏறினால் தானாக இன்சுலின் விடும் ஜெல் வந்துவிட்டதா?

பதில்: சிகிச்சையாக வரவில்லை, இப்போதைய மருந்தை நிறுத்தாதீர்கள். ஃபினைல்போரானிக் அமிலம் குளுக்கோஸைப் பிடிப்பதை வைத்து ஆய்வுகள் நடக்கின்றன (அது கறாராகப் பார்த்தால் மீளக்கூடிய சகப்பிணைப்பு, சரி, விடுங்கள்). சர்க்கரை இறங்கியதும் ஜெல் உடனே வாயை மூட வேண்டும். மூடாமல் கசிந்தால் தாழ்சர்க்கரை, அது உயிருக்கே ஆபத்து.

கேள்வி: முதுகலை ஆய்வுக்கு ஒரு ஜெல் செய்திருக்கிறேன், குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. அடுத்து என்ன சார்?

பதில்: நிறைய உப்புக் கரைசலில் போட்டு 37 டிகிரியில் வையுங்கள். தளர்வான பிடி என்பதால் நீர்த்தால் கரைந்துபோகும் ஜெல்கள் ஏராளம். அப்புறம் ரியோமீட்டர், விறைப்பை அளக்கும் கருவி. அதிகத் திரிபு கொடுத்து, அதாவது ரொம்ப உருக்குலைய வைத்து, உடைத்துவிட்டு, பழைய விறைப்பு எத்தனை விநாடியில் திரும்புகிறது என்று பாருங்கள். மருந்து ஏற்றினால் முதல் நாள் கசிவைத் தனியாக அளவிடுங்கள், சிறிய மூலக்கூறு என்றால் பாதி அன்றைக்கே ஓடியிருக்கலாம்.